பெயரில்லாதவர்கள் வரைந்த இருவாச்சி

1803 முதல் 1818 வரை மலாக்காவை நிர்வகித்த வில்லியம் ஃபார்குவாருக்குப் பறவை, விலங்கு, செடிகொடி மீது தீராத மோகம். சீன ஓவியர்களை அமர்த்தி அவற்றை வரைய வைத்தார். மொத்தம் 477 நீர்வண்ண ஓவியங்கள். வரைந்தவர்களின் பெயர் ஒன்றுகூட மிஞ்சவில்லை. தொகுப்புக்கு வரையச் சொன்னவரின் பெயர். எங்கும் நடப்பதுதான்!

அதில் என் கண் நகராமல் நிற்பது இருவாச்சியிடம். கரிய உடல், வெள்ளை வாலில் ஒற்றைக் கறுப்புப் பட்டை, அலகின் மேல் காண்டாமிருகக் கொம்புபோல் வளைந்த கொண்டை. கொண்டையின் செம்மஞ்சள் நிறம் பிறவியில் வந்ததல்ல. வாலடியில் சுரக்கும் எண்ணெயைத் தேய்த்துத் தேய்த்துப் பறவையே பூசிக்கொள்வது. ஓவியர் வண்ணம் குழைப்பதற்கு முன்பே பறவை குழைத்துவிட்டது. அளவும் இறகும் ஐரோப்பிய அறிவியல் கேட்டபடி. தூரிகையின் நளினம் மட்டும் சீனம். புகைப்படத்தில் இந்த நிதானம் கிடைக்காது என்பேன்.

1827இல் லண்டனின் ராயல் ஆசியச் சங்கத்துக்குப் போன தொகுப்பு 1993இல் ஏலத்துக்கு வந்தது. சிங்கப்பூர்ப் பங்குத் தரகர் ஜி.கே. கோ அதை வாங்கிச் சிங்கப்பூர் அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிட்டார்.

பிரிக்பீல்ட்ஸ் மின்கம்பியில் கரையும் ஊர்க்காகத்தை மட்டும் அந்த ஓவியங்களில் தேடாதீர்கள். காப்பித் தோட்டத்துப் புழுக்களைத் தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து அதைக் கிள்ளானுக்குக் கொண்டுவந்தது 1890களில்தான்.