சுவரெழுத்தும் சகோதரத் திருத்தமும்

காரைக்குடித் தெருக்களில் நடப்போர் வீட்டு முகப்புகளின் சுதைப் பதுமைகளை அண்ணாந்து பார்ப்பர். அவற்றினிடையே வீட்டின் பெயரையும் ஆண்டையும் தாங்கி நிற்கும் எழுத்துகளைப் பார்ப்போர் சிலரே. அருகிலுள்ள பிள்ளையார்பட்டிக் குடைவரையில் பெருந்தச்சன் ஒருவனின் பெயர் பழைய எழுத்தில் இன்றும் நிற்கிறது. ஆயினும் எழுத்து வரைவதைக் கலையென்று எண்ணி அதன் நிறைகுறை பேசும் பழக்கம் நம்மிடையே அருகியே உள்ளது. திருவிழா வளைவு சாய்ந்திருந்தால் பத்துப்பேர் கூறுவர்; அதிலுள்ள எழுத்து சாய்ந்திருந்தால் ஒருவரும் கூறார்.

அண்மையில் நம் பங்கு இளைஞர் ஒருவர், ஆலய முகப்புச் சுவரில் எழுதுவதற்கென மூன்று சொற்களைத் தாளில் வரைந்து அறைவீட்டுக்குக் கொண்டுவந்தார். 'கிறிஸ்து அரசர் பெருவிழா'. ஃபிளெக்ஸ் பதாகைகள் மலிந்த இந்நாளில் ஒருவர் தூரிகையோடு வந்ததே நமக்கு மகிழ்ச்சி. அவர் இசைவு பெற்றே அவ்வரைவை இங்கு ஆராய்கிறோம்.

முதலில் கண்ணில் பட்டது ககரம். அதன் நெட்டுக்கோட்டைச் சிலுவையாக்கிக் கீழே நீட்டியிருந்தார். பக்தி நிறைந்த எண்ணம்தான். ஆனால் சிலுவை வளர்ந்த அளவுக்கு ககரத்தின் இடச்சுழி சுருங்கிப்போயிற்று. மேல்விலங்கு எதையும் பற்றாமல் தனியே தொங்கியது. சிலுவை தெரிந்தது; கிறிஸ்துவின் பெயர் தெரியவில்லை! அடுத்தது ரகரமும் காலும். ஏட்டுச் சுவடிகளில் இவ்விரண்டுக்கும் வேறுபாடு இல்லாமையால் படிப்போர் இடர்ப்பட்டனர் என்பதை நாம் அறிவோம். இன்று ரகரத்தைக் காட்டிக்கொடுப்பது அதன் அடியிலுள்ள சாய்கோடு ஒன்றே. இவரோ அழகுக்காக எல்லா எழுத்தின் அடியிலும் ஒரு சாய்கோடு இழுத்திருந்தார். எனவே 'பெருவிழா'வின் இறுதிக் கால் ரகரமாகிவிட்டது. 'அரசர்' என்பதன் புள்ளியோ மஞ்சள் நிழலுக்குள் மறைந்து, அரசரை 'அரசர' ஆக்கியது. நெட்டுக்கோடு தடித்தும் கிடைக்கோடு மெலிந்தும் நின்றது உரோமை எழுத்தின் வழக்கு. சுழியும் வளைவும் மிகுந்த தமிழுக்கு அது எளிதில் பொருந்துவதில்லை. ழகரத்தின் கீழ்ச்சுழி அதில் அடைபட்டே போயிற்று. அந்த ழகரத்தின் வீச்சு ஒன்றைமட்டும் தனியே எடுத்துச் சட்டமிட்டு வைக்கலாம் என்பதையும் கூறவேண்டும். அத்துணை உறுதியான கை.

திருத்தம் நம் எழுத்துக்குப் புதிதன்று. 1577-இல் கோவாவில் வார்க்கப்பட்ட தமிழ் அச்செழுத்துகளோடு நம் முன்னோர் நின்றுவிடவில்லை. மறு ஆண்டே கொல்லத்தில் வேறு எழுத்துகளை வார்த்தனர். 1578-இல் அங்கு அச்சான அண்டிரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கங்கள் கொண்ட சிறுநூல். அதன் இறுதியில் கோவா எழுத்தும் கொல்லத்து எழுத்தும், செய்தவர் பெயரும் ஆண்டும் சுட்டி, ஒருங்கே காட்டப்பட்டுள்ளன. பழையதை ஒளிக்காமல், அதைச் செய்தவரையும் இகழாமல், புதியதைப் பக்கத்தில் வைத்த அப்பக்கம் நமக்குப் பிடித்த திறனாய்வு. வீரமாமுனிவர் செய்ததும் சிறிதே. 'கெடு', 'கேடு' இரண்டுக்கும் ஒரே கொம்பு நின்ற ஏட்டு வழக்கில், நெடிலுக்குக் கொம்பின் மேல் ஒரு சுழியைக் கூட்டினார். புதிய எழுத்து எதையும் அவர் புனையவில்லை.

இவ்வளவு அறிந்திருந்தும் நாமே ஒருமுறை தவறினோம். பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு பங்கில், ஞாயிறு திருப்பலி முடிந்து மக்கள் வெளியேறும் வேளை. புதிதாக எழுதிய பலகையில் புள்ளி ஒன்று விடுபட்டிருந்ததைச் சுட்டி, படியில் நின்றபடியே உரக்கப் படித்துக் காட்டினோம். எல்லாரும் சிரித்தனர், எழுதிய இளைஞரும் சிரித்தார். நாம் கூறியது சரியே. அதன்பின் அவர் கோவில் சுவருக்குத் தூரிகை எடுத்து வரவில்லை. மத்தேயு நற்செய்தியின் 18-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர், குற்றத்தைத் தனித்திருக்கையில் எடுத்துரைக்கப் பணிக்கிறார். அக்குவினா தோமையார் சகோதரத் திருத்தத்தை அன்பின் செயலாகவே வகுக்கிறார். குருமடத்தில் அதைப் பாடமாக எழுதித் தேறியவர்கள்தாம் நாம். திருத்தத்தைச் செவியேற்க மறுத்தவர்க்கும் மறைநூலில் முன்மாதிரி உண்டு. சிலுவைமேல் மும்மொழியில் எழுதுவித்த பிலாத்து, எழுதியதை மாற்ற இசையவில்லை. அங்கே மறுத்தவன் எழுதியது சரியாகவும், குறை கூறியவர் கூற்றுத் தவறாகவும் அமைந்தது வேறு கதை.

இம்முறை குறை எதையும் முதலில் கூறவில்லை. தாளை முகப்பில் ஒட்டச் சொல்லி, இருவரும் சாலையைக் கடந்து எதிர்ப்புறம் நின்றோம். பேருந்திலிருந்து பார்ப்பவருக்கு எது தெரியவேண்டும் என்று மட்டும் கேட்டோம். சற்று நேரம் பார்த்தவர், "சாமி, 'ழா' கெட்டுப்போச்சு" என்றார். சிலுவையை விட அவருக்கு மனமில்லை. மறுநாள் அதைச் சொற்களின் முன்னே தனியாக நிறுத்தி வரைந்துவந்தார். ககரம் தன் உருவை மீட்டுக்கொண்டது. மூன்றாம் வரைவில் அடிச்சாய்கோடுகள் ரகரத்துக்கு மட்டுமே நின்றன. புள்ளிகள் தூரிகையின் முழு அகலம் பெற்றன.

மஞ்சள் நிழலை நீக்கும்படி மட்டும் இருமுறை கேட்டோம். புள்ளியை அதனின்று விலக்கினாரேயன்றி, நிழலை விடவில்லை. பெருவிழா இரவில் சப்பரம் திரும்பி வருகையில், விளக்கொளியில் முதலில் துலங்கியது அந்நிழலே.