திறமை இருந்தால் சூது இல்லையா?

"சாச்சா, இது சூது இல்ல. மூளை வேல."

சென்னையில் படித்துக்கொண்டிருந்த என் நானாவின் மகன், விடுமுறைக்கு வந்திருந்தபோது சொன்னது இது. ஐபிஎல் போட்டிகளுக்கு அங்கே ஐம்பது ரூபா கட்டி, கற்பனை அணி அமைத்து விளையாடுவானாம். "எல்லாம் அதிஷ்டம்தானே, அதனால ஹராம்" என்றேன். சிரித்தான். ஆடுகளத்தின் தன்மை, யார் எந்தப் பந்துவீச்சுக்குத் தடுமாறுவார் என்று கால் மணித்தியாலம் விளங்கப்படுத்தினான். அவன் சிரித்தது நியாயம்தான். என் முடிவு பிழையல்ல. சொன்ன காரணம்தான் பிழை.

ஆட்டம் இதுதான். இரு அணிகளிலிருந்தும் பதினொரு பேரைத் தெரிவுசெய்ய வேண்டும். மைதானத்தில் அவர்கள் எடுக்கும் ஓட்டங்களும் விக்கெட்டுகளும் நமக்குப் புள்ளிகளாகும். தலைவராக நாம் குறித்தவருக்கு இரட்டைப் புள்ளி. எல்லோரும் கட்டிய பணத்தில் நடத்துபவர் தன் பங்கை எடுத்துக்கொள்வார். மிச்சம் முன்னணியில் வந்தவர்களுக்கு. மற்றவர்கள் கட்டியது போனதுதான்.

இந்திய நீதிமன்றங்கள் இதில் ஒரே கேள்வியைத்தான் கேட்டன: மேலோங்கி நிற்பது திறமையா, அதிஷ்டமா? 1996இல் உச்ச நீதிமன்றம் சென்னைக் குதிரைப் பந்தய வழக்கில் இந்த அளவுகோலை வைத்து, பந்தயம் திறமை சார்ந்தது என்றது. 2017இல் பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் அதே அளவுகோலால் ட்ரீம்11 ஆட்டத்தைச் சூதல்ல என்றது. வழக்குப் போட்டவர் அதில் பணம் இழந்த ஒருவர். அவருடைய இழப்பு அந்த அளவுகோலுக்குள் வரவேயில்லை.

குதிரைப் பந்தயத்தைப் பற்றி பிக்ஹும் பேசியிருக்கிறது. ஆனால் கேள்வி வேறு. ஒட்டகம், குதிரை, அம்பு ஆகியவற்றின் போட்டிக்குப் பரிசு வைக்கலாம் என்று அபூதாவூத், திர்மிதி ஆகிய நூல்களில் ஹதீஸ் உண்டு. அம்பெய்வதைவிடத் திறமையான வேலை எது? இருந்தும் போட்டியாளர் இருவரும் பணம் வைத்து, வென்றவர் இரண்டையும் அள்ளுவதை நமது ஷாபிஈ மத்ஹப் உட்படப் பெரும்பான்மை அறிஞர்கள் கிமார் என்றே கண்டார்கள். பணம் வைக்காத மூன்றாமவர் ஒருவரும் போட்டியில் சேர்ந்தாலே அதற்கு அனுமதி. பரிசை ஆட்சியாளரோ வெளியாளோ கொடுத்தால் சிக்கலில்லை. இப்னு தைமிய்யா, இப்னுல் கையிம் போன்றோர் அந்த மூன்றாமவர் தேவையில்லை என்றார்கள். ஆனால் அவர்கள் பேசியதும் ஹதீஸ் அனுமதித்த, போருக்குப் பயிற்சியான போட்டிகளைப் பற்றித்தான்.

ஆக, பிக்ஹ் பார்ப்பது மூளையை அல்ல, பணத்தை: பரிசு யாருடைய காசு? கட்டியவர் ஒன்றில் லாபம், இல்லாவிட்டால் நட்டம் என்ற நிலையில் நிற்கிறாரா? கற்பனை அணியில் இரண்டுக்கும் விடை தெளிவு. இன்னொன்றும் உண்டு. அம்பெய்தவன் தானே எய்தான். இங்கே ஓடுவதும் எறிவதும் வேறொருவர். நாம் ஊகிக்கிறோம், அவ்வளவுதான்.

"அதிஷ்டம்" என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடும் நம்மவர்களின் பேச்சில் எனக்குள்ள குறை இதுதான். ஆட்டம் தெரிந்த பிள்ளை அந்தக் காரணத்தை ஒரு நிமிடத்தில் உடைத்துவிடுவான். காரணம் உடைந்தால் சட்டமே உடைந்ததாக நினைப்பான். ஸூரா அல்பகரா சூதில் மனிதருக்குப் பயன்களும் உண்டு என்பதை மறைக்கவில்லை. பாவம் அதைவிடப் பெரிது என்கிறது. அறியாமைக் கால அரபிகள் சூதில் வென்ற இறைச்சியை ஏழைகளுக்குக் கொடுத்தார்கள். அதுவும் அதை ஹலாலாக்கவில்லை. திறமை மட்டும் எப்படி ஆக்கும்?

2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் புதிய சட்டம் கொண்டுவந்தது. திறமையோ அதிஷ்டமோ, பணம் கட்டிப் பணம் எதிர்பார்க்கும் இணைய விளையாட்டுக்குத் தடை. ட்ரீம்11 கட்டணப் போட்டிகளை நிறுத்தியது. அச்சட்டம் சொல்லும் காரணங்கள் அடிமைத்தனமும் பண இழப்பும். நமது காரணம் வஹீ. வழிகள் வேறானாலும், இரண்டும் கடைசியில் பணத்தைத்தான் பார்க்கின்றன.

மருமகனிடம் இதையெல்லாம் பிறகு சொன்னேன். சிரிக்கவில்லை. "அப்ப காசு கட்டாம விளையாடினா?" என்று கேட்டான். இங்கிலாந்து பிரிமியர் லீக்கின் கற்பனை அணி ஆட்டம் இலவசம், பரிசு நடத்துபவருடையது. அது மைஸிர் ஆகாது என்றே எனக்குப் படுகிறது. "ஆனா மகன், தொழுகையையும் படிப்பையும் தின்னாம பாத்துக்கோ" என்றேன். "அது சரி சாச்சா" என்றான்.