அற்றிக்கில் பஞ்சு போடும் முன்

ஸ்காபரோவில் 1950களிலும் 60களிலும் கட்டிய பழைய பங்களோக்களை வாங்கிக் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல. முதல் பனிக்காலத்து எரிவாயுக் கட்டணம் கைக்கு வந்ததும், கூரைக்கும் உட்கூரைக்கும் இடையிலுள்ள அற்றிக்கின் பக்கம் கவனம் திரும்பும். ஆள் பிடிக்காமல் தாங்களே ஏறி இன்சுலேசன் பஞ்சு போடுவது கனடாவில் பழகிப்போன வழக்கம். அதை நான் ஆதரிக்கிறேன். ஆனால் பெரும்பாலும் அதைச் செய்யும் வரிசை பிழை.

ஆதரிக்கக் காரணம் உண்டு. அற்றிக்கில் எந்தச் சுவரையும் உடைக்க வேண்டியதில்லை. செல்லுலோஸ் பொதிகளை வாங்கினால் ஊதும் இயந்திரத்தைப் பல கடைகள் வாடகைக்கோ இலவசமாகவோ தருகின்றன. ஒருவர் கீழே நின்று பொதியைப் பிரித்துக் கொட்ட, இன்னொருவர் மேலே குழாயைப் பிடித்தால் போதும். பலனும் பெரிது. வெப்பத்தைத் தடுக்கும் திறனை ‘ஆர்’ எண்ணால் அளக்கிறார்கள். ஆர்-10 இருந்த இடத்தை ஆர்-30 ஆக்கினால், அந்தப் பஞ்சின் ஊடாகக் கடந்துபோகும் வெப்பத்தில் மூன்றில் இரண்டு பங்கு நிற்கும். ஆர்-60 வரை உயர்த்தினால் கூடுதலாக மிச்சமாவது பழைய இழப்பில் ஆறில் ஒரு பங்குதான். விற்பவர்கள் இந்தக் கணக்கைச் சொல்வது அரிது.

குறை தொடங்குவதும் இங்கேதான். எத்தனை அங்குலம் போட்டோம் என்பதே வேலையின் அளவுகோலாகிவிடுகிறது. பஞ்சு வெப்பத்தைத் தடுக்கும், காற்றோட்டத்தை நிறுத்தாது. மின்விளக்குப் பெட்டி, கழிவுநீர்க் குழாய் மேலே போகும் துளை, ஏறும் கதவின் விளிம்பு, இவற்றின் வழியாக வீட்டின் சூடான காற்று மேலேறிக்கொண்டே இருக்கும். நாள் முழுக்கச் சோறும் குழம்பும் கொதிக்கும் நம் வீடுகளில் அந்தக் காற்றில் ஈரம் அதிகம். தடித்த பஞ்சு போட்டபின் அற்றிக் முன்னைவிடக் குளிர்ந்துபோகும். மேலேறிய ஈரம் கூரைப் பலகையின் அடியில் உறைபனியாகப் படியும். குளிர் தணியும் நாளில் உருகிச் சொட்டும். உட்கூரையில் கறை கண்டு, கூரை ஒழுகுகிறதென்று கூரைக்காரரை அழைப்பார்கள். பலகையில் பூஞ்சை பிடித்திருக்கும்.

ஆகவே முதல் வேலை இந்த இடுக்குகளை அடைப்பது. குளியலறை விசிறியின் குழாய் அற்றிக்குள் நின்றுவிடாமல் வீட்டுக்கு வெளியே போகிறதா என்று பார்ப்பது, கூரை ஓரத்துக் காற்றுத் துளைகளைப் பஞ்சு மூடாதபடி தடுப்பு வைப்பது இரண்டும் அதோடு சேர்ந்தவை. குனிந்து, தவழ்ந்து, முகமூடிக்குள் வியர்த்துச் செய்யும் இந்த வேலை முடிந்தபின் கண்ணுக்குத் தெரியாது. நேரத்தை எண்ணும் கூலிக் குழு இதைத் தாண்டிப் போக ஆசைப்படும். வீட்டுக்காரருக்கு அந்த அவசரம் இல்லை. சொந்தக் கையால் செய்வதற்கு, மிச்சமாகும் கூலியைவிட இதையே வலுவான நியாயமாக நான் காண்கிறேன்.

சுவருக்கு இந்த நியாயம் பொருந்தாது. சுவருக்குள் தெளிக்கும் இன்சுலேசன் நுரையில் உள்ள ஐசோசயனேட் மூச்சுக்குழாயைக் கெடுக்கக் கூடியது. கலவை பிசகினால் சுவரைப் பிரித்தே எடுக்க வேண்டும். அது பயிற்சி பெற்றவர் வேலை. பீங்கான் குமிழ்களில் ஓடும் பழைய மின்கம்பி அற்றிக்கில் தெரிந்தாலும் முதலில் மின்பணியாளரை அழையுங்கள்.

இன்னொன்று உயிர்ப் பிரச்சினை. பழைய அற்றிக்குகளில் சாம்பலும் பழுப்பும் கலந்த, சிறு கூழாங்கல் போன்ற வெர்மிகுலைற் என்ற பழைய இன்சுலேசன் கிடக்கலாம். அமெரிக்காவின் மொன்ரானா மாநிலத்து லிபி சுரங்கத்திலிருந்து 1990 வரை வந்த அந்தச் சரக்கில் அஸ்பெஸ்ரஸ் கலந்திருந்தது. கிளறினால் அதன் நுண்ணிழைகள் நுரையீரலுக்குள் போகும். பொதிகளை வாங்குமுன் ஏறும் கதவைத் திறந்து, மின்சூளை அடித்துப் பாருங்கள். அது கண்ணில் பட்டால் எதையும் தொடாமல் கதவை மூடிவிட்டு, அஸ்பெஸ்ரஸ் சோதனை செய்வோரை அழையுங்கள்.