ஒலிப்பெட்டி ஊமையானால்

எச்ஓ மாதிரி ரயிலின் விகிதம் 1:87; தண்டவாளங்களுக்கு நடுவே வெறும் 16.5 மி.மீ. சிறிய இன்ஜின்களில் இடம் போதாததால், ஒலியை உருவாக்கும் மின்னணுப் பலகையான ஒலி டிகோடரையும் ஸ்பீக்கரையும் இன்ஜினுக்குப் பின்னால் வரும் சரக்குப் பெட்டிக்குள் பொருத்துவதுண்டு. இந்த ஒலிப்பெட்டி வாயடைத்துப் போனால் பழி உடனே டிகோடர் மேல் விழுகிறது. பெரும்பாலும் கோளாறு அங்கே இருப்பதில்லை.

பெட்டியைத் திறக்கும் முன் அமைப்புகளைப் பார்த்துவிட வேண்டும். லோக்சவுண்ட், சுனாமி2 ஆகிய இரு டிகோடர் வகைகளிலும் பெரும்பாலும் எஃப்8 பொத்தான்தான் ஒலியை அடக்குவதும் திறப்பதும். கை தவறி அழுத்தியிருக்கலாம். டிகோடரின் ஒவ்வோர் அமைப்புக்கும் சிவி எனப்படும் எண் உண்டு; மொத்த ஒலியளவு லோக்சவுண்டில் சிவி 63, சுனாமி2-இல் சிவி 128. சிவி 8-இல் 8 என்று எழுதினால் எல்லாம் பழைய ஆலை அமைப்புக்குத் திரும்பும். டிகோடரின் முகவரியும் 3 ஆகிவிடும் என்பதால் அதை மறுபடி இன்ஜினின் முகவரிக்கு மாற்றியாக வேண்டும்.

ஒலி விட்டுவிட்டுக் கேட்டாலோ, இன்ஜின் கிளம்பும் சத்தம் ஓட்டத்தின் நடுவில் மறுபடி முதலிலிருந்து வந்தாலோ, மின்சாரம் அறுபடுகிறது. அதிகம் தொல்லை தருவது இதுதான். பல பெட்டிகளில் ஒரு போகி (சக்கரத் தொகுதி) வலது தண்டவாளத்திலிருந்தும் மற்றது இடதிலிருந்தும் மட்டுமே மின்சாரம் எடுக்கும். பெட்டியோ எடை குறைந்தது; ஒரு போகி அழுக்கில் ஏறினாலே போதும், சுற்று முறிந்துவிடும். சக்கரத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் தண்டவாளத்தில் உருளும் பகுதியில் கரிய வளையம் தெரியும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணிமேல் உருட்டினால் அது கருங்கோடாகத் துணியில் இறங்கும். எஃகுக் கம்பளியால் தேய்க்கவே கூடாது. அதன் துகள்களை ஸ்பீக்கர் காந்தம் இழுத்துக்கொள்ளும், பிறகு கரகரப்பு போகாது. இரு போகிகளும் இரு தண்டவாளங்களிலிருந்தும் மின்சாரம் எடுக்கும்படி கம்பி இணைப்பதே நிலையான தீர்வு. மின்தேக்கி சேர்த்தால் சிறு இடைவெளிகளைத் தாங்கும். ஆனால் அழுக்குச் சக்கரத்துக்கு அது மருந்தல்ல.

மின்சாரம் சீராக இருந்தும் சத்தம் இல்லையென்றால் ஸ்பீக்கரின் ஒரு கம்பியைக் கழற்றி மல்டிமீட்டர் வைக்கலாம். 8 ஓம் ஸ்பீக்கர் அதைவிடச் சற்றுக் குறைவாகக் காட்டும்; எதுவுமே காட்டாவிட்டால் சுருள் அறுந்திருக்கிறது. ஒலி மெலிந்து தகர டப்பா போலக் கேட்டால் ஸ்பீக்கரின் பின்புறம் மூடப்படவில்லை என்று பொருள். முன்னால் வரும் ஒலியைப் பின்னால் வரும் ஒலி தின்றுவிடுகிறது. காற்றுப் புகாத சிறு பிளாஸ்டிக் கூடு ஒட்டினால் வித்தியாசம் உடனே காதில் விழும்.

ஒலிப்பெட்டிக்கே உரிய சிக்கல் இன்னொன்று உண்டு. சிவிகளைப் படிக்கவும் எழுதவும் தனியே வைத்திருக்கும் நிரலாக்கத் தடத்தில் டிகோடர் பதில் சொல்வது சுமார் 60 மில்லி ஆம்பியர் மின்துடிப்பால். பல டிகோடர்கள் அதை மோட்டார் வழியாகவே தருகின்றன. ஒலிப்பெட்டியில் மோட்டார் கிடையாது, அதனால் சிவி படிக்க முடியாமல் பிழை காட்டும். ரயில் ஓடும் முதன்மைத் தடத்தில் வைத்து எழுதினால் அதே டிகோடர் ஏற்றுக்கொள்ளும். அதைச் செய்து பார்க்காமல் புது டிகோடர் வாங்க வேண்டாம்.