பிஎல்டிசி விசிறி: மொட்டை மாடிக்குக் கீழே ஒரு கோடை

கோடை தொடங்கினாலே ஏசி வாங்கலாமா என்ற பேச்சும் தொடங்கிவிடுகிறது. அதற்கு முன்னால் தலைக்கு மேலே சுற்றும் விசிறியை மாற்றுங்கள் என்பது என் கட்சி. வீட்டில் அதிக நேரம் ஓடுவது அதுதான். திருச்சி போன்ற ஊரில் பங்குனியில் போட்ட விசிறியை ஐப்பசி மழை வரும்வரை யாரும் நிறுத்துவதில்லை. மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் எங்கள் வீட்டில் ஹாலிலும் இரண்டு படுக்கையறைகளிலும் பிஎல்டிசி விசிறிகளை மாட்டி ஒரு முழுக் கோடையைக் கடந்தபின் இதை எழுதுகிறேன்.

பழைய விசிறியில் இருப்பது இண்டக்ஷன் மோட்டார். முழு வேகத்தில் 70 முதல் 80 வாட் வரை இழுக்கும். அதில் கணிசமான பங்கு காற்றாக மாறாமல் சூடாகவே போய்விடும். இரவெல்லாம் ஓடிய பழைய விசிறியை விடியற்காலையில் நிறுத்தி, நடுவில் இருக்கும் மோட்டார் கூட்டைத் தொட்டால் கை சுடும். பிஎல்டிசி மோட்டாரில் சுழலும் பகுதி நிரந்தரக் காந்தம். உள்ளே இருக்கும் சின்ன போர்டு மின்சாரத்தை டிசியாக்கி, தேவையான நொடியில் தேவையான சுருளுக்கு மட்டும் கொடுக்கிறது. 1200 மில்லிமீட்டர் விசிறி முழு வேகத்தில் 28 முதல் 35 வாட்டுக்குள் அடங்கிவிடுகிறது. காலையில் தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்புதான்.

பெட்டியில் அச்சிட்டதை நம்ப வேண்டியதில்லை, வீட்டு மீட்டரே சொல்லிவிடும். டிஜிட்டல் மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். ஒரு யூனிட்டுக்கு அது எத்தனை முறை சிமிட்டும் என்பது மீட்டரின் முகப்பிலேயே அச்சாகியிருக்கும். எங்கள் மீட்டரில் 3200. ஃபிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரே ஒரு விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டேன். பழைய விசிறிக்கு ஏறத்தாழ 15 விநாடிக்கு ஒரு சிமிட்டல், அதாவது 75 வாட். புதியதற்கு அடுத்த சிமிட்டல் வர முப்பத்தைந்து விநாடிக்கு மேல் ஆனது. கணக்குப் போட்டால் 30 வாட் சொச்சம். கையில் ஒரு கடிகாரம் இருந்தால் யார் வீட்டிலும் இதைச் செய்து பார்க்கலாம்.

முழு வேகத்தில் 45 வாட் மிச்சம். தினம் 16 மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் ஒரு விசிறிக்கு 43 யூனிட், மூன்று விசிறிக்கு 130 யூனிட்டுக்குப் பக்கம். தமிழ்நாட்டில் இந்த 130க்குத் தனி மதிப்பு உண்டு. இங்கே முதல் 100 யூனிட் இலவசம். 500 வரை ஒரு கணக்கு, தாண்டினால் வேறு கணக்கு. 2024 ஜூலை கட்டணப்படி 501 முதல் 600 வரை யூனிட்டுக்கு 8 ரூபாய் 55 காசு. அதோடு 101 முதல் 200 வரைக்கான மானிய விலையும் போய்விடும். கோடையில் 560, 580 என்று நிற்கும் வீடு 500க்குள் இறங்கினால், குறைந்த யூனிட்டுக்கு மட்டுமல்லாமல் மொத்த பில்லுக்கும் அது உதவுகிறது. சாதாரண விசிறியைவிட இதற்கு ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும். நாள் முழுக்க ஓடும் அறையில் ஒரு சில கோடைகளில் அந்தப் பணம் திரும்பிவிடும்.

காற்று வருமா? வரும், ஆனால் நட்சத்திரத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். 2023 ஜனவரி முதல் கூரை விசிறிகளுக்கு நட்சத்திர முத்திரை கட்டாயம். அந்த மதிப்பீடு, விசிறி தள்ளும் காற்றின் அளவை வாட்டால் வகுத்து வருவது. காற்றைக் கொஞ்சம் குறைத்து, வாட்டை நிறையக் குறைத்தாலும் ஐந்து நட்சத்திரம் கிடைத்துவிடும். முத்திரையில் நிமிடத்துக்கு எத்தனை கன மீட்டர் என்று போட்டிருப்பதைப் படியுங்கள். ஹாலுக்கு 220க்குக் குறைவாக நான் வாங்க மாட்டேன்.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. மே மாதத்தில் ராத்திரி எட்டு மணிக்குத் தெருவே ஏசி போட, வோல்டேஜ் இறங்கும். பழைய விசிறி அப்போது றெக்கையை எண்ணிவிடலாம் என்கிற அளவுக்கு மெதுவாகச் சுற்றும். பிஎல்டிசி அதே வேகத்தில் ஓடுகிறது. மின்வெட்டு நேரத்தில் இன்வெர்ட்டரில் ஓடும்போது வரும் ‘ம்ம்ம்’ என்ற உறுமலும் இல்லை. பேட்டரியும் இரண்டு மடங்குக்கு மேல் தாங்குகிறது.

குறைகளும் உண்டு. மாட்ட வந்த எலக்ட்ரீஷியன் முதலிலேயே சொன்னார்: “சார், ரெகுலேட்டரக் கழட்டிட்டு டைரக்டா கொடுக்கணும். இல்லன்னா போர்டு போயிடும்.” அதனால் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ரிமோட்தான். “ராத்திரி எழுந்து இதைத் தேடிக்கிட்டு இருக்கணுமாப்பா?” என்று அம்மா கேட்டது நியாயமான கேள்வி. பெரியவர்கள் அறைக்குச் சுவர் ரெகுலேட்டரிலேயே இயங்கும் பிஎல்டிசி மாடல்களைக் கேட்டு வாங்குங்கள், இப்போது கிடைக்கின்றன.

பெரிய குறை ரிப்பேர். பழைய விசிறி மெதுவானால் தெருமுனை எலக்ட்ரீஷியன் கண்டன்சரை மாற்றி அரை மணியில் சரிசெய்துவிடுவார். இதில் போர்டு போனால் கம்பெனி ஆள்தான் வர வேண்டும். எங்கள் விசிறி ஒன்று கத்திரி வெயில் நேரத்தில் நின்றுபோக, புது போர்டு வந்து சேர ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. வாரண்டியில் பணம் வாங்கவில்லை; ஆனால் அந்த வாரம் அந்த அறையில் யாராலும் தூங்க முடியவில்லை. விலையைக் கேட்குமுன் உங்கள் ஊரில் சர்வீஸ் இருக்கிறதா என்று கேளுங்கள்.

இன்னொன்று. எந்த விசிறியும் அறையைக் குளிர்விக்காது. வியர்வையை உலர்த்தி உடம்பைத்தான் குளிர்விக்கும். ஆளில்லாத அறையில் ஓடினால் வீண். பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் கூரை இரவு பத்து மணிக்கும் அனலைக் கக்கும். விசிறி அதைக் கீழே தள்ளும். மொட்டை மாடியில் வெள்ளை அடித்தபின்தான் எங்கள் விசிறிகளுக்கு உரிய மரியாதை கிடைத்தது. ஏசி இருக்கும் வீட்டில் அதை 24க்குப் பதில் 27ல் வைத்து, விசிறியை நடு வேகத்தில் ஓடவிடுங்கள். அந்த வேகத்தில் அது இழுப்பது ஒரு எல்இடி பல்பு அளவுதான்.

ஒரே ஒரு விசிறிக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், இரவெல்லாம் ஓடும் படுக்கையறையில் மாட்டுங்கள். அடுத்தது ஹால். விருந்தாளி வந்தால் மட்டும் திறக்கிற அறையில் பழையதே சுற்றட்டும்.