பாதியில் நிற்கும் வாசிப்பு: அஜ்மானில் ‘ஆடு ஜீவிதம்’

‘இப்போது என்ன வாசிக்கிறீர்கள்?’ என்று நமது சஞ்சிகைகள் காலத்துக்குக் காலம் கேட்பதும் நாம் பதில் எழுதுவதும் வழக்கமாகிவிட்டது. அப்பதில்களை ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரு விடயம் புலப்படும். நம்மில் யாரும் எந்தப் புத்தகத்தையும் பாதியில் விட்டதில்லை. பூக்கோ வருவார், அகம்பென் வருவார், ஷோபாசக்தியின் ஏதாவதொரு நாவல் வரும். பின்னர் ‘முக்கியமான வரவு’, ‘தவிர்க்கவியலாத பிரதி’ என்ற முத்திரைகள் வரும். வாசித்தவரை அந்தப் புத்தகம் என்ன செய்தது என்பது மட்டும் வராது. (இக்குற்றச்சாட்டிலிருந்து என்னையும் நான் விலக்கிக்கொள்ளவில்லை.)

சில மாதங்கள் அஜ்மானில் தங்க நேர்ந்தபோது வேறொரு வகையான வாசிப்பைக் கண்டேன். ஐக்கிய அரபு அமீரகத்தின் ஏழு எமிரேட்டுகளில் பரப்பளவில் மிகச் சிறியது அஜ்மான். டுபாயை விட வாடகை குறைவு என்பதால் டுபாயிலும் சார்ஜாவிலும் உழைப்பவர்கள் பலர் இங்கு வந்து படுக்கிறார்கள். நான் போய்வந்த அறையில் அடுக்குக் கட்டில்களில் ஆறு பேர். மூவர் தமிழ்நாடு, இருவர் நமது கிழக்கு மாகாணம், ஒருவர் மலையாளி. அமீரகத்தில் 2022 ஜனவரியில் வார விடுமுறை மாற்றப்பட்ட பின் இவர்களுக்கு ஞாயிறுதான் ஓய்வு. அன்று சமையலுக்கும் உடுப்புத் தோய்ப்புக்கும் இடையில் ஒரே புத்தகம் கைமாறிக்கொண்டிருந்தது: பென்யாமினின் ‘ஆடு ஜீவிதம்’, தமிழ் மொழிபெயர்ப்பில். 2024இல் வந்த பிளெஸ்ஸியின் திரைப்படமே அவர்களைப் புத்தகத்திடம் கொண்டுவந்தது.

பென்யாமின் 1992இலிருந்து நீண்டகாலம் பஹ்ரெயினில் தொழில்பார்த்தவர். 2008இல் வெளிவந்த இந்நாவலுக்கு 2009ஆம் ஆண்டிற்கான கேரள சாகித்திய அக்காதமி விருது கிடைத்தது. கேரளத்தில் ஆற்று மணல் அள்ளிக்கொண்டிருந்த நஜீப் சவூதி அரேபியாவில் இறங்குகிறான். றியாத் விமானநிலையத்திலிருந்து ஒரு ‘அர்பாப்’ அவனைப் பழைய வாகனமொன்றில் ஏற்றிச் சென்று பாலைவனத்து ஆட்டுப்பட்டியில் விடுகிறான். 3 ஆண்டுகளுக்கு மேல் ஆடுகளோடு ஆடாக வாழ்ந்து தப்புகிறான். ஐரோப்பாவிலிருந்து இந்நாவலை வாசித்த நான் முன்பொருமுறை அகம்பெனின் ‘வெற்றுயிர்’ பற்றியும் மனிதன் விலங்காதல் பற்றியும் நண்பர்களுக்கு விரிவாகக் கதைத்திருக்கிறேன். பிழையென்று சொல்லமாட்டேன். ஆனால் அஜ்மான் அறையில் எவரும் ஆட்டைப் பற்றிக் கதைக்கவேயில்லை.

இராமநாதபுரத்துச் சாரதி ஒருவர் விமானநிலையக் காட்சியோடு புத்தகத்தை மூடிவிட்டார். “அதுக்கு மேல படிக்க முடியலண்ணே. நானும் அப்படித்தான் பெட்டியோட நின்னேன், யாரு வந்து கூப்பிடுவான்னு தெரியாம.” அவரைக் கூப்பிட வந்தவர் நல்லவராகவே இருந்திருக்கிறார். இருந்தும் அந்தக் காத்திருப்பைத் திரும்ப வாசிக்க அவரால் முடியவில்லை.

கம்பனிகளுக்கு விசா அலுவல் பார்க்கும் இன்னொருவர் சிறைக் காட்சியைப் பிடித்துக்கொண்டார். தப்பிய நஜீப் ஊருக்குத் திருப்பி அனுப்பப்படவேண்டும் என்பதற்காகவே பொலிஸில் பிடிபடுகிறான். ஓடிப்போனவர்களை அடையாளங்காட்ட முதலாளிகள் சிறைக்கு வருகிறார்கள். நஜீபின் அர்பாப் அவனைக் கண்டும் விட்டுவிட்டுப் போகிறான். அது இரக்கமல்ல. நஜீப் அவனது விசாவில் வந்தவனல்ல, வேறொருவனுக்கு வந்தவனை அவன் திருடிக்கொண்டு போயிருந்தான். “நாவலே இதுதாங்க. மத்ததெல்லாம் ஆடு, மணல்” என்றார் நண்பர்.

இதனை வெறும் அனுபவ வாசிப்பு என்று தள்ளிவிட நமது விமர்சகர்கள் முனையலாம். அப்படியல்ல. நாவலின் அச்சு எங்கே இருக்கிறது என்பதைப் பிரதியிலிருந்தே காட்டிய வாசிப்பு இது. தொழிலாளியின் வதிவிட அனுமதியைத் தொழில்தருநரின் கையில் கொடுக்கும் ‘கபாலா’ முறைமை அண்மைக்காலத்தில் ஆங்காங்கே தளர்த்தப்பட்டிருக்கிறது, ஆனால் நீங்கவில்லை. அந்த முறைமைக்குள் இருப்பவருக்கு அர்பாப் கொடியவனா நல்லவனா என்பது இரண்டாவது கேள்வி. நாம் முதல் கேள்வியை வாசிக்கத் தவறி இரண்டாவதில் கண்ணீர் விட்டோம்.

நாவலின் குறையையும் அந்த அறையே கண்டுபிடித்தது. மூதூர்ப் பக்கத்தைச் சேர்ந்தவர் புத்தகத்தை முடித்துவிட்டு நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, “நஜீப் ஆம்பிள, எப்படியோ ஊருக்கு வந்துட்டான். நம்மட ரிஸானா வரல்லியே” என்றார். மூதூர் ரிஸானா நபீக் 2005இல் வீட்டுப் பணிப்பெண்ணாகச் சவூதி சென்றவர். கடவுச்சீட்டில் வயது கூட்டப்பட்டிருந்தது. பராமரிப்பிலிருந்த குழந்தை இறந்ததற்காகக் கொலைக்குற்றம் சாட்டப்பட்டார். அவரது வாக்குமூலத்தை மொழிபெயர்த்தவருக்குத் தமிழ் எவ்வளவு தெரியும் என்பதே சர்ச்சைக்குள்ளானது. 2013 ஜனவரி 9இல் அவருக்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. 1990களில் இலங்கையிலிருந்து வெளிநாட்டு வேலைக்குச் சென்றோரில் பெரும்பான்மையினர் பெண்கள், அவர்களில் மிகப் பலர் வீட்டுப் பணிப்பெண்கள். பென்யாமினின் வளைகுடாவோ ஆண்களின் வெளி. நஜீபின் மனைவி சைனு ஊரில் காத்திருக்கும் படமாக மட்டுமே அதில் இருக்கிறாள். பூட்டிய வீட்டின் சமையலறையை அந்தத் திறந்த பாலைவனத்தால் சொல்லிவிட முடியாது.

1992இல் அமிதாவ் கோஷ் ‘பெட்ரோஃபிக்ஷன்’ என்ற கட்டுரையில், நறுமணப் பொருட்களைத் தேடிய கடற்பயணங்கள் இலக்கியமானதுபோல எண்ணெய் ஏன் இலக்கியமாகவில்லை என்று கேட்டார். சவூதிக் குடியுரிமை பறிக்கப்பட்ட அப்துல் ரஹ்மான் முனிஃப் 1984இல் தொடங்கி ஐந்து பாகங்களாக எழுதிய ‘உப்பு நகரங்கள்’ பற்றிய கட்டுரை அது. எண்ணெய் உலகம் பல மொழிகளால் ஆனது, நாவலோ ஒரு மொழிக்குள் வசதியாக இருக்கும் வடிவம் என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. அதன் பிறகு மலையாளத்தில் பென்யாமின் வந்தார், அபுதாபியில் வளர்ந்த தீபக் உன்னிகிருஷ்ணன் 2017இல் ஆங்கிலத்தில் ‘டெம்பரரி பீப்பிள்’ எழுதினார். தமிழில், டுபாயில் தொழில்பார்த்த நாகூர் ஆபிதீனின் ‘உயிர்த்தலம்’ கதைகள் இருக்கின்றன. நமது புகலிட இலக்கிய விவாதங்களில் ஆபிதீனின் பெயர் எத்தனை தடவை உச்சரிக்கப்பட்டிருக்கிறது?

காரணம் எளிது. நாம் ‘புகலிடம்’ என்று சொல்லும்போது 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சொல்கிறோம். வளைகுடாவின் ஆறு முடியாட்சிகளில் ஒன்றுகூட அதில் கையொப்பமிடவில்லை. அங்கே பெரும்பாலும் தஞ்சம் கோர முடியாது, விசா முடிந்தால் புறப்படவேண்டும். அகதி அட்டை இல்லாதவரின் அலைவை நாம் இலக்கியத்திலும் அகதியாக ஏற்றுக்கொள்ளவில்லை. 1983இன் பின் குடும்பத்தில் ஒருவரை ஐரோப்பாவுக்கும் இன்னொருவரை வளைகுடாவுக்கும் அனுப்பிய வீடுகள் நம்மிடையே எத்தனை! அண்ணன் புகலிட எழுத்தாளன், தம்பி வெறும் தொழிலாளி.

புறப்படும்முன் அந்தச் சாரதியிடம், நாவலைப் பிறகாவது தொடர்ந்தாரா என்று கேட்டேன். கடைசி அத்தியாயத்தை முதலில் படித்துவிட்டாராம். அவன் ஊருக்கு விமானம் ஏறுகிறான் என்று தெரிந்தபின், விட்ட இடத்திலிருந்து ஒரு நாளைக்கு இரண்டு பக்கமாக வாசித்துக்கொண்டிருக்கிறார்.