லிவரைப் பிடித்து முறுக்கும் வித்தை

மலை இல்லாத ஊரில் மலை சைக்கிள் எதற்கு என்று கேட்பவர்களுக்குக் கீழவாஞ்சூரில் பஞ்சமில்லை. வடக்கே திருமலைராயன்பட்டினம், தெற்கே தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டினால் நாகூர், கிழக்கே கடல். எந்தப் பக்கம் மிதித்தாலும் ஏற்றம் என்று சொல்லத்தக்கது ஆற்றுப் பாலம் ஒன்றுதான். ஆனாலும் பத்தாம் வகுப்புப் பையன் கேட்பது தடித்த டயரும் டிஸ்க் பிரேக்கும் வைத்த கியர் சைக்கிளைத்தான். அதை வெறும் பகட்டு என்று தள்ளிவிட முடியாது. ஐப்பசி அடைமழையில் குரோம் பூசிய இரும்பு ரிம்மைப் பிரேக் கட்டை எப்படிப் பிடிக்காமல் விடும் என்பது பழைய சைக்கிள் ஓட்டிய எல்லோருக்கும் தெரியும். ரிம் தெருத் தண்ணீரிலேயே உருள்கிறது. டிஸ்க்கோ சக்கரத்தின் நடுவில், சேற்றுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. 2009-இல் காரைக்கால் துறைமுகம் இந்த ஊரில் இயங்கத் தொடங்கியதிலிருந்து சாலையில் லாரிகளுக்கும் குறைவில்லை. சட்டென்று நிற்க வேண்டிய அவசியம் மலைக்கு மட்டும் சொந்தமானதல்ல.

ஆக, டிஸ்க் வேண்டுமா என்பதல்ல கேள்வி. அதைப் பொருத்தும் முறைதான் கேள்வி.

முறை என்று எங்கும் வழங்குவது ஒன்றே. டிஸ்க்கைக் கவ்வும் பேடுகள் உள்ள காலிப்பரைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டையும் ஆலன் கீயால் கொஞ்சம் தளர்த்து. பிரேக் லிவரை இறுக்க அழுத்து. அழுத்தியபடியே போல்ட்டுகளை முறுக்கு. லிவரை விடு. சக்கரத்தைச் சுற்றிப் பார். உரசல் சத்தம் இல்லையென்றால் வேலை முடிந்தது. ஒரு நிமிட வேலை. கருவி ஒன்றே ஒன்று. ரப்பர் பேண்டோ கயிறோ லிவரில் கட்டிவிட்டால் தனி ஆளாகவே செய்யலாம். பேடு தானே டிஸ்க்கைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்கிறது, காலிப்பர் பின்னாலேயே நகர்ந்து வந்து நேராகிறது. யோசித்தவர் புத்திசாலிதான்.

ஹைட்ராலிக் பிரேக்கில் இந்தப் புத்திசாலித்தனம் பெரும்பாலும் பலிக்கிறது. அங்கே டிஸ்க்கின் இரு பக்கமும் பிஸ்டன் உண்டு. லிவரை அழுத்தினால் இரண்டும் ஒரே அளவு அழுத்தத்தில் வெளியே வருகின்றன. விட்டதும் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரப்பர் சீல் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பும்போது இரண்டையும் சிறிதளவு உள்ளே இழுத்துக்கொள்கிறது. டிஸ்க் நடுவில் நிற்கிறது. ஒரு பிஸ்டன் அழுக்கேறித் திணறினால் மட்டும் கணக்கு தப்பும். திணறும் பக்கத்துக்கு ஏற்றபடி காலிப்பரே ஒதுங்கி உட்கார்ந்துவிடும். அப்போது சுத்தம் செய்ய வேண்டியது பிஸ்டனை. போல்ட்டை எத்தனை முறை முறுக்கினாலும் பயனில்லை.

ஆனால் நம் ஊர்க் கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் சைக்கிள்களில் இருப்பது ஹைட்ராலிக் அல்ல, ஒயர் இழுக்கும் டிஸ்க். அவற்றில் பெரும்பாலானவற்றில் வெளிப்பக்கப் பேடு மட்டுமே நகரும். ஸ்போக் பக்கம் இருக்கும் உள் பேடு அசையாது. லிவரை அழுத்தினால் வெளிப் பேடு டிஸ்க்கைத் தள்ளி, லேசாக வளைத்து, உள் பேட்டின் மேல் சாய்க்கிறது. அமைப்பே அப்படித்தான், அதில் குற்றமில்லை. இந்த அமைப்பின் மேல் 'பிடித்து முறுக்கும்' முறையைப் போட்டுப் பாருங்கள். போல்ட் தளர்ந்திருக்கிறது, லிவர் அழுந்தியிருக்கிறது, காலிப்பர் நகர்ந்து வந்து உள் பேடு டிஸ்க்கைத் தொட்டபடி நிற்கிறது. அந்த நிலையிலேயே முறுக்கிவிடுகிறோம். லிவரை விட்டதும் வெளிப் பேடு விலகும். உள் பேடு எங்கே போகும்? அது தொட்டது தொட்டபடி இருக்கும். உரசலைப் போக்க வந்த முறையே உரசலை நிலைநிறுத்திவிட்டுப் போகிறது.

இதற்குப் பிறகு நடப்பதுதான் எனக்குப் பெரிய கவலை. சத்தம் நிற்கவில்லையே என்று ஒயரைத் தளர்த்துகிறார்கள். ஒயரைத் தளர்த்தினால் விலகுவது ஏற்கெனவே விலகியிருக்கும் வெளிப் பேடு; உரசுகிற உள் பேட்டுக்கும் ஒயருக்கும் தொடர்பே கிடையாது. சத்தம் அப்படியே இருக்க, லிவர் மட்டும் கைப்பிடியைத் தொடும் அளவுக்கு ஆழமாகப் போகிறது. இன்னும் கொஞ்சம் தளர்த்துகிறார்கள். சத்தமும் போகாமல் பிரேக்கும் போன சைக்கிளில் ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது.

திருத்தம் கடினமானதல்ல. முறுக்கும் முன் உள் பேட்டுக்கும் டிஸ்க்குக்கும் இடையில் ஒரு விசிட்டிங் கார்டைச் செருகினால் போதும். முடிந்ததும் உருவிவிட்டால் அந்தக் கனம் இடைவெளியாக நிற்கும். அல்லது, ஸ்போக்குகளுக்கு ஊடே ஆலன் கீயை நுழைத்து உள் பேட்டின் திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாகப் பின்னால் எடுக்கலாம். பேடு தேயும்போது அதே திருகை முன்னால் கொடுக்க வேண்டும். பலர் அதைத் தொடுவதே இல்லை. தேய்மானம் முழுவதையும் ஒயரை இழுத்தே சமாளிக்கிறார்கள். காலிப்பர் கை பாதி தூரம் முன்னாலேயே போய் நிற்பதால், அது வலுவோடு இழுக்கக்கூடிய வீச்சு வீணாகிறது.

முறையின் இன்னொரு குறை, அது தனக்கு முன்னால் நடந்திருக்க வேண்டிய வேலைகளை நடந்ததாகவே எடுத்துக்கொள்வது. சக்கரம் ஃபோர்க்கின் பள்ளத்தில் முழுக்க உட்கார்ந்திருக்கிறதா? சைக்கிளைத் தரையில் நிறுத்தி, எடை இறங்கிய நிலையில் நட்டை இறுக்கினால்தான் அது உறுதி. ஒரு நூலளவு சாய்ந்து நின்றாலும், அந்தச் சாய்வுக்கே காலிப்பரைப் பொருத்திவிட்டு, அடுத்த முறை சக்கரத்தைக் கழற்றி மாட்டியதும் மறுபடி உரசுகிறதே என்று திகைப்போம். இந்த இடத்தில் நம் பஞ்சர் கடைக்காரர்களைப் பாராட்ட வேண்டும். சக்கரத்தைக் கழற்றாமலே ஒரு பக்கமாக டியூபை வெளியே இழுத்து ஒட்டிவிடுவார்கள். டிஸ்க்குக்கு அதைவிட நல்லது இல்லை, சைக்கிளை இடப்பக்கம் படுக்கப் போடாத வரைக்கும். டிஸ்க் இருப்பது இடப்பக்கம்தான்.

அடுத்தது டிஸ்க்கின் நேர்த்தி. ஷிமானோ போன்ற நிறுவனங்களின் டிஸ்க் புதிதாக 1.8 மில்லிமீட்டர் கனம், 1.5-க்குத் தேய்ந்தால் மாற்றச் சொல்கிறார்கள். இவ்வளவு மெல்லிய தகடு வளைய என்ன வேண்டும்? பள்ளிக்கூடத்து சைக்கிள் ஸ்டாண்டைப் பார்த்தால் விளங்கும். பக்கவாட்டு ஸ்டாண்டு போட்ட சைக்கிள்கள் எல்லாமே இடப்பக்கம் சாய்ந்து நிற்கும். நெருக்கித் தள்ளும்போது பக்கத்துச் சைக்கிளின் வலது பெடல் வந்து இடிப்பது நம் டிஸ்க்கை. வளைந்த டிஸ்க்கில் லிவரைப் பிடித்து முறுக்கினால், அந்த நொடியில் பேடுகளுக்கு நடுவே எந்த வளைவு இருந்ததோ அதற்குத்தான் காலிப்பர் நேராகும். ஒரு சுற்றுக்கு ஒருமுறை 'சிர்ர்' என்று கேட்டால் கோளாறு டிஸ்க்கில். விடாமல் கேட்டால் காலிப்பரில். ரிம்முக்குப் பெண்டு எடுப்பதுபோல டிஸ்க்குக்கும் எடுக்கலாம். சுத்தமான துணி சுற்றிய ஸ்பேனரால், வளைந்த இடத்தை மட்டும், கொஞ்சம் கொஞ்சமாக.

கடலோரத்துக்கென்றே இன்னொரு குழப்பம் இருக்கிறது. உப்புக் காற்றில் இரவு முழுதும் நின்ற மட்டமான டிஸ்க் காலையில் துருப்படலம் பூத்து நிற்கும். முதல் சில பிரேக்குகளுக்குக் கரகரக்கும், பிறகு தானே அடங்கும். அதைக் கோணல் என்று எண்ணிக் காலிப்பரைக் கழற்றுவது வீண். அதைவிட மோசம், சத்தம் போகட்டும் என்று எண்ணெய் விடுவது. சத்தம் போகும். பேடு எண்ணெயைக் குடித்துவிட்டால் பிரேக்கும் போகும். உப்புத்தாளால் தேய்த்துப் பார்க்கலாம். பெரும்பாலும் புதுப் பேடு வாங்குவதில்தான் முடியும். எண்ணெய்க்குப் பதில் காலிப்பர் போல்ட்டின் மரையில் ஒரு துளி கிரீஸ் வைத்தால் அது உப்பில் இறுகிப் போகாமல் இருக்கும். அதுகூட டிஸ்க்கில் படாமல் வைக்க வேண்டும்.

கண்ணால் பார்த்துப் பொருத்துவது, லிவரைப் பிடித்து முறுக்கும் முறைக்கு மாற்று. காலிப்பருக்குப் பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்துக் குனிந்து பார்த்தால் டிஸ்க்கின் இரு பக்கமும் வெளிச்சக் கோடு தெரிய வேண்டும். ஒரு போல்ட்டை மட்டும் தளர்த்தி, அந்த முனையைத் தட்டி நகர்த்தி, இறுக்கி, பிறகு அடுத்தது. போல்ட்டை முறுக்கும்போது காலிப்பரும் கூடவே திருகிக்கொள்ளும் என்பதால் மாற்றி மாற்றி, சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். பொறுமை கேட்கும் வேலை. பிரேக் சரிபார்ப்புக்கென்று நல்ல கூலி கொடுக்க நாம் தயாராக இல்லாதபோது, கடைக்காரர் ஒரு நிமிட முறையோடு நிறுத்திக்கொள்வதைக் குறைசொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அவசரத்துக்கு அந்த முறையிலேயே தொடங்கலாம். காலிப்பரை ஏறக்குறைய நேராக்க அதைவிட விரைவான வழி கிடையாது. சிக்கல், அதோடு வேலை முடிந்ததாக நினைப்பதில்தான்.

உண்மையில் நாம் தவறாகப் பிடித்திருப்பது அளவுகோலை. சத்தம் இல்லாவிட்டால் பிரேக் சரி என்கிறோம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குபவருக்கு விடாத உரசல் ஆபத்துதான். பேடு ஆறவே வழியின்றிச் சூடேறி, பிடி தளரும். நாகூர் சாலையில் சுற்றுக்கு ஒருமுறை கேட்கும் மெல்லிய உரசலால் மிதிப்பு ஒரு துளி கனக்கும், அவ்வளவே. சமவெளியில் முதலில் பார்க்க வேண்டியது, லிவர் பாதி தூரம் வருவதற்குள் சக்கரம் நிற்கிறதா என்பது. அது சரியாக இருந்து கொஞ்சம் முனகினால் முனகட்டும்.

உள் பேட்டைத் திருக வழி இருக்கிறதா என்பதை வாங்கும்போதே சோதிக்கலாம். முன்சக்கரத்தின் ஸ்போக்குகளுக்கு ஊடே காலிப்பரின் உட்புறத்தைப் பாருங்கள். பேட்டைத் திருக ஆலன் கீ நுழையும் துளை இருக்கிறதா? இல்லையென்றால் அந்த டிஸ்க்கைக் காலத்துக்கும் சரியாகப் பராமரிக்க வழி கிடையாது. அந்த விலைக்கு அலுமினிய ரிம்மும் நல்ல வி-பிரேக்கும் உள்ள சைக்கிளே மேல். பையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான் என்பது வேறு விஷயம்.